ட்ரையர் ஹாலில் சிக்னல் எங்கே போனது?

1. ஆளில்லாத நாளில் அளந்தது

கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் வரைவதுதான் என் வேலை. வீடு கட்டுபவர்கள் வரைவது போல அல்ல. எந்தச் சுவர் எத்தனை இஞ்ச், எந்தக் கதவு மரம், எது இரும்பு, கூரை எவ்வளவு உயரம் என்று அளந்து வரைந்து, அதற்குள் ஒரு ரேடியோ அலையை விட்டால் அது எங்கே போய்ச் சேரும், எங்கே அடங்கிப்போகும் என்று சாஃப்ட்வேரைக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துகளின் நடுவில் சென்னையில் இதைச் செய்தவர்கள் கொஞ்சப் பேர்தான். எங்கள் ஆபீஸில் நான்கு பேர். பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரி, ஹோட்டல், புதிதாக எழும்பிய ஐடி கட்டடங்கள். பீங்கான் தொழிற்சாலையிலிருந்து கூப்பிடுவார்கள் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

திருச்சி பஸ்ஸில் வந்து வேப்பூரில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி விருத்தாசலம் போனேன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு தோளில் லேப்டாப், இன்னொரு தோளில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் பெட்டி. காற்றில் வரும் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளக்கும் கருவி அது. அந்தப் பெட்டியை மடியை விட்டு இறக்காமல் வந்ததைப் பார்த்து, பக்கத்து சீட் பெண்மணி ஆர்மோனியமா என்று கேட்டார்.

மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பழுப்புநிறப் பீங்கான் இன்சுலேட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யும் தொழிற்சாலை. மேனேஜர் தணிகாசலம் என்னை உட்காரவைத்து டீ வரவழைத்துவிட்டு, முன்பே போனில் சொல்லியிருந்த விஷயத்தை விவரமாகச் சொன்னார். போன கோடையில் சூளையைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை என்பவர், சூளைக்கும், சரக்கைக் காயவைக்கும் ட்ரையர் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் சூடு தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டார். முக்கால் மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை.

"பொழைச்சிட்டாருங்க. ஆனா இப்ப சூளப் பக்கம் வேல பாக்க முடியல. கேட்ல உக்கார வெச்சிருக்கோம். அந்த மாதிரி இன்னொரு தரம் நடக்கக்கூடாதும்மா" என்றார்.

அதற்காகத்தான் வயர்லெஸ் மணி. வேலை செய்பவர் இடுப்பு பெல்ட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் அது ஒரு சிக்னல் அனுப்பும். சுவரில் மாட்டிய ரிசீவர் அதைப் பிடித்தால் மேனேஜர் அறையிலும் கேட்டிலும் எல்லா இடத்துக்கும் கேட்கும்படி மணி அடிக்கும். மொத்தம் நான்கு ரிசீவர். அந்த நான்கையும் எங்கே மாட்டுவது என்று சொல்வது என் பொறுப்பு.

கட்டடத்தின் பழைய ப்ளூபிரிண்ட்டை எடுத்துக் கொடுத்தார்கள். அதில் இருந்த ஒரு வாசல் கட்டடத்தில் இல்லை. கட்டடத்தில் இருந்த ஒரு சுவர் அதில் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டும் என்று புரிந்தது. வேலை நாளில் வண்டிகளும் ஆட்களும் குறுக்கே வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று நானேதான் கேட்டேன். மேனேஜர் சரி என்றார். சூளை எந்நாளும் அணையாது, அதைப் பார்க்க இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள், மற்றபடி நீங்கள் சுதந்திரமாக அளக்கலாம் என்றார்.

அந்த ஞாயிறு டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் கேட்டிலிருந்த ஏழுமலைதான். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். அரவை மில், அச்சு செக்‌ஷன், ட்ரையர் ஹால், சுட்ட சரக்கைத் தரம் பிரிக்கும் பொறுக்குமிடம் என்று எல்லா இடத்துக்கும் கூடவே வந்தார். சந்தின் வாயிலில் மட்டும் நின்றுவிட்டார்.

"இங்க மட்டும் நீங்களே பாத்துக்கிறீங்களாம்மா?"

டேப் முனையை ஓர் ஆணியில் மாட்டிவிட்டு நானே உள்ளே போனேன். நாற்பது அடி நீளம், நாலரை அடி அகலம். ஒரு பக்கம் சூளையின் இரும்பு உடம்பு. மறுபக்கம், மார்பு உயரத்துக்கு மேல் ஓட்டை ஓட்டையாகக் கட்டிய ஜாலி சுவர். சூளையின் சூட்டை ட்ரையர் ஹாலுக்கு அனுப்புவதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். இரண்டே நிமிடத்தில் என் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

2. எல்லாம் பச்சை

லாட்ஜ் அறையில் உட்கார்ந்து இரண்டு நாளில் மாடலைக் கட்டினேன். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதைத் தாங்கும் இரும்பு ட்ரஸ், சூளையின் இரும்புப் போர்வை, ஜாலி சுவரில் இருக்கும் ஓட்டைகள்கூட. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அலை அதைக் கடக்கும்போது எத்தனை டிபி இழக்கும் என்ற எண். டிபி என்பது இந்தத் தொழிலின் படிக்கல். பத்து டிபி போனால் சிக்னலின் பலம் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். இருபது போனால் நூறில் ஒன்று.

பிறகு சாஃப்ட்வேர் பட்டன் இருக்கும் இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கோடுகளை எல்லாத் திசையிலும் அனுப்பும். ஒவ்வொரு கோடும் சுவரில் பட்டுத் திரும்பும், சிலது ஊடுருவும், இரும்பில் பட்டால் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போலத் தெறிக்கும். கடைசியில் தரை முழுக்க வண்ணம் பூசிய ஒரு படம் வரும். பச்சை என்றால் மணி அடிக்கும். சிவப்பு என்றால் அடிக்காது.

எனக்கு வந்தது எல்லாம் பச்சை. ட்ரையர் ஹாலின் தெற்குச் சுவரில், உயரத்தில் மாட்டும் ஒரே ரிசீவர், ஹாலையும் பார்த்துக்கொள்ளும், ஜாலி ஓட்டைகள் வழியாகச் சந்தையும் பார்த்துக்கொள்ளும் என்றது மாடல். ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவைத்த அளவுகளோடு ஒப்பிட்டேன். மூன்று டிபிக்கு மேல் எங்கும் வித்தியாசம் இல்லை. இந்தத் தொழிலில் அது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

சென்னைக்குப் போன் செய்தேன். எங்கள் பாஸ் ரங்கராஜன் சார் அப்போது வேறு வேலையாக கோயம்புத்தூரில் இருந்தார். "பச்சையா இருக்கா? அப்ப ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு கலை" என்றார்.

கொடுத்தேன். கீழே என் பெயர் இருந்தது: கலைவாணி.

3. அடிக்காத மணி

பத்து நாள் கழித்து ரிசீவர்களை மாட்டிவிட்டு, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு சோதனை வைத்தோம். மேனேஜர், முதலாளியின் தம்பி, செக்‌ஷனுக்கு இரண்டு பேராக வேலையாட்கள். பட்டனை இடுப்பில் மாட்டி ஒவ்வோர் இடமாகப் போய் அமுக்கிக் காட்டும் வேலையைப் பூங்கொடியிடம் கொடுத்திருந்தார்கள். ட்ரையர் செக்‌ஷனில் பதினான்கு வருஷமாக இருக்கிறவர். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. அன்றைக்கு ஏழுமலையைச் சந்தில் முதலில் பார்த்தவர் அவர்தான் என்று மேனேஜர் என் காதில் சொன்னார்.

அரவை மில்லில் அமுக்கினார். அடித்தது. அச்சு செக்‌ஷனில் அடித்தது. பொறுக்குமிடம், மெருகு பூசும் கிளேஸ் தொட்டி, எல்லா இடத்திலும் அடித்தது. முதலாளியின் தம்பி தலையாட்டிக்கொண்டே வந்தார். பூங்கொடி சந்துக்குள் போனார். நாங்கள் வாயிலில் நின்றோம்.

"அமுக்கிட்டேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மணி வரவில்லை.

"மறுபடி அமுக்குங்கக்கா."

"மூணு தரம் அமுக்கிட்டேம்மா."

நானே உள்ளே போய் அமுக்கினேன். பட்டனைக் கையில் எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி அமுக்கினேன். ஒரு தரம் மணி லேசாக அடித்து நின்றது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. வெளியே வந்தேன். முதலாளியின் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பூங்கொடி பட்டனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இது இல்லாதப்ப நாங்க ஒருத்தர ஒருத்தர் கூப்புட்டுப் பாத்துக்கிட்டு இருந்தோம்மா. ஏழுமல அண்ணன் வுழுந்ததுக்கப்புறம் கா மணி நேரத்துக்கு ஒரு தரம் யாராவது எட்டிப் பாப்போம். இத மாட்டிக்கிட்டா அது நின்னு பூடும். மணி இருக்குதேன்னு இருந்துடுவோம். அப்புறம் இது அடிக்கலன்னா?"

பட்டனை வாங்கிக்கொண்டேன். ஐடி கட்டடத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் ஒருவர் ஜன்னல் பக்கம் போய்ப் பேசுவார். இங்கே அப்படி இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

4. மூன்று சந்தேகங்கள்

ரங்கராஜன் சார் போனில், "பேட்டரியா இருக்கும். மாத்திப் பாரு. இல்லன்னா சந்துல இன்னொரு ரிசீவர மாட்டிட்டு வந்துரு. காரணம் தேடிக்கிட்டு இருக்காத" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே சந்தில், அதே இடத்தில், என் கையால் அளந்தபோது சிக்னல் இருந்தது. பத்து நாளில் அது எங்கே போனது? காரணம் தெரியாமல் ஐந்தாவது ரிசீவரை மாட்டினால், அது எப்போது காலை வாரும் என்பதும் தெரியாதே. நான்கு நாள் இருந்து பார்க்கிறேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பேட்டரி சரியாக இருந்தது. புதியதை மாற்றியும் அதே கதை.

இரண்டாவது சந்தேகம், சூளைக்குக் காற்று ஊதும் பெரிய ப்ளோயர் மோட்டார். அது கிளப்பும் மின் இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கிறதோ என்று நினைத்தேன். மேனேஜரிடம் கெஞ்சி ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். "அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம்தான், ஆறாவது நிமிஷம் சரக்கு வெடிச்சிடும்" என்று சொல்லி நிறுத்தினார். அனலைசரில் ஒரு துளி மாற்றம் இல்லை.

மூன்றாவது, சூளைக்குள் போகும் இரும்பு வண்டிகள். சரக்கை அடுக்கிய வண்டி மணிக்கு ஒன்றாக உள்ளே தள்ளப்படும். அது குறுக்கே வரும் நேரத்தில்தான் சிக்னல் அடிபடுகிறதோ என்று வண்டி வரும்போதும் போனபிறகும் அளந்தேன். இரண்டும் ஒன்றுதான்.

மூன்றும் போயிற்று. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகமாகிவிட்டது. சந்தில் ஒரு பட்டனை நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே சிக்னல் அனுப்பும்படி வைத்தேன். தெற்குச் சுவரின் ரிசீவர் பக்கத்தில் அனலைசரை லேப்டாப்போடு கட்டிப்போட்டு, வருவதை எல்லாம் பதிவு செய்யவிட்டேன். வியாழன் காலை முதல் வெள்ளி காலை வரை ஓடியது.

வெள்ளிக்கிழமை அந்த கிராஃபைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோடு தாறுமாறாக இல்லை. ஒழுங்காக, மாடிப்படி போல இறங்கியிருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரு படி. பத்துக்கு ஒரு படி. பதினொன்றுக்கு இன்னொன்று. மதியம் இரண்டு மணிக்கு மேல் இறங்குவது நின்றுவிட்டது. சாயந்திரத்திலிருந்து மெல்ல மெல்ல ஏறி, விடியும்போது பாதி தூரம் மேலே வந்திருந்தது. மெஷின் கெட்டுப்போனால் இப்படி ஆகாது. மனிதர்கள் செய்யும் ஏதோ ஒரு வேலையின் நேர அட்டவணை அது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராகப் பூங்கொடியிடம் போனேன்.

"அக்கா, காலையில ஒம்போது மணிக்கு இங்க என்ன நடக்கும்?"

"ஒம்போதுக்கா? மொத லோடு ஏத்துவோம்."

"பத்து மணிக்கு?"

"ரெண்டாவது லோடு."

"ரெண்டு மணிக்கு மேல?"

"அதுக்கு மேல ஏத்த மாட்டோம்மா. ராக்கு ரொம்பிடும்." அவர் லேப்டாப் திரையைக் குனிந்து பார்த்தார். "என்னா இது, எங்க வேலைய நீ எங்கிருந்து படம் புடிச்ச?"

5. ஒரு பலகைச் சரக்கு

லோடு என்று அவர் சொன்னது பச்சைச் சரக்கு. சுடாத, ஈர மண் இன்சுலேட்டர். அச்சிலிருந்து வந்ததும் பலகைகளில் வரிசையாக வைத்து, ஆள் உயர ராக்குகளில் ஏற்றி ட்ரையர் ஹாலில் நிறுத்துவார்கள். காய இரண்டு நாள் ஆகும். நடுவில் ஒவ்வொன்றையும் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும்.

"ஞாயித்துக்கெழம யாரு திருப்புவாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் வெள்ளிக்கெழமைக்கு மேல பச்ச லோடு ஏத்தறதில்ல. ஞாயித்துக்கெழம இங்க எல்லாம் காஞ்சதுதான் கெடக்கும்."

நான் அளந்த நாளில் ஹாலில் ராக்குகள் இருந்தன. அவற்றை நான் பார்த்தேன். தள்ளினால் நகரும் சாமான்தானே, கட்டடம் இல்லையே என்று மாடலில் சேர்க்கவில்லை. அளவும் பொருந்திவந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆனாலும் நிரூபித்துப் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மேஜையில் ஒரு பக்கம் பட்டன், ஒரு மீட்டர் தள்ளி அனலைசரின் ஆன்டெனா. நடுவில் வைக்க ஒரு பலகை காய்ந்த சரக்கு கேட்டேன். பூங்கொடி கொண்டுவந்து வைத்தார். இரண்டு டிபி குறைந்தது. அதை எடுத்துவிட்டு, காலையில் ஏற்றிய பச்சைச் சரக்கு ஒரு பலகை வைத்தார். பதிமூன்று குறைந்தது.

பூங்கொடி திரையையும் பலகையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், நேற்று ஏற்றிய பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். "இது பாதி காஞ்சது. இதுக்கு எவ்ளோ காட்டுதுன்னு பாரு."

ஏழு.

"மண்ணுக்கு ஒண்ணும் இல்ல. தண்ணிதான் குடிக்குது" என்றார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நாலைந்து பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். சுட்ட சரக்கை வை, செங்கலை வை, சோத்துப் பாத்திரத்தை வை என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் அளந்தேன். அவ்வளவு சந்தோஷமாக எந்த லேபிலும் நான் அளந்ததில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது பூங்கொடி சட்டென்று கேட்டார்: "ஆளு ஒடம்புலயும் தண்ணிதான இருக்குது?"

கேட்டுவிட்டு அவரே எழுந்து பட்டனுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் போய் நின்றார். கோடு தடாலென்று இறங்கியது.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கி அண்ணன் குப்புறக் கெடந்தாரும்மா. இந்தப் பட்டன் இடுப்புல இருந்திருந்தா வயித்துக்கு அடியில மாட்டிக்கிட்டிருக்கும். அப்ப அடிக்குமா?"

"தெரியலக்கா."

"அது இருக்கட்டும். மயக்கம் போட்டவன் எப்புடி அமுக்குவான்?"

நாங்கள் நான்கு பேர், சென்னையில், ஏசி அறையில் உட்கார்ந்து இரண்டு மாதம் இந்த வேலையைத் திட்டம் போட்டிருந்தோம். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

6. கையெழுத்தைத் திரும்ப வாங்கியது

சாயந்திரம் ரங்கராஜன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ரிப்போர்ட் தப்பு, அதை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன்.

"தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா அப்புறம் யாரு கலை நம்மளக் கூப்புடுவா? 'கூடுதல் ஆய்வு'ன்னு போட்டுக்கோயேன்."

"சார், அந்த ரிப்போர்ட்ட நம்பி ஒருத்தர் சந்துக்குள்ள போவாரு."

"சரி, நீயே மேனேஜர்கிட்ட சொல்லு. நான் சொன்னா மழுப்புவேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

மேனேஜர் தணிகாசலம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தார்.

"அப்ப ஞாயித்துக்கெழம மட்டும்தான் மயக்கம் போடணும்னு நாங்க நோட்டீஸ் ஒட்டணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உக்காருங்கம்மா. நீங்களே வந்து சொன்னதுனால கேக்குறேன். என்னா செய்யணும், எத்தன நாளு ஆகும்?"

மூன்று வாரம் கேட்டேன். கொடுத்தார்.

மாடலைப் புதிதாகக் கட்டினேன். இந்த முறை எண்பது ராக்குகளையும் தனித்தனிப் பெட்டியாக வரைந்தேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை: பச்சை, பாதி, காய்ந்தது. எண்களெல்லாம் கேன்டீன் மேஜையில் எடுத்தவை. சந்தின் தரையில், ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி; அதற்குள் பெரும்பாலும் தண்ணீர்; அதன் அடியில் பட்டன். ஒரு மனிதரைக் கட்டடத்தின் பாகமாக நான் வரைந்தது அதுவே முதல் தடவை.

மோசமான நிலையைப் போட்டு ஓட்டினேன்: எல்லா ராக்கிலும் பச்சைச் சரக்கு, ஆள் குப்புற. சந்து முழுக்கச் சிவப்பு. உயரத்தில் இருந்த தெற்குச் சுவர் ரிசீவரால் எந்தப் பயனும் இல்லை. அதைக் கழற்றி, சந்தின் கிழக்கு வாயிலில் முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். மேற்கு வாயிலுக்கு இன்னொன்று வேண்டும். பொறுக்குமிடத்தில் இருப்பது சுட்ட சரக்கு, அது சிக்னலைத் தடுப்பதில்லை. மேனேஜர் அறைப் பக்கம் மாட்டியிருந்த ரிசீவரே அந்த இடத்தையும் பார்த்துக்கொண்டது. அதனால் பொறுக்குமிடத்து ரிசீவரைப் பிடுங்கி இங்கே கொண்டுவந்தேன். வாயிலில் இருந்த இரண்டும் ஹாலையும் இரண்டு முனையிலிருந்து பார்த்துக்கொண்டன. அதே நான்கு, வேறு இடங்களில். சிவப்பு போய்விட்டது.

பூங்கொடியின் இரண்டாவது கேள்விக்கு மாடலில் பதில் இல்லை. பட்டன் செய்து கொடுத்தவர்களிடம் பேசி அதன் புரோகிராமையே மாற்றினோம். ஒரு தரம் அமுக்கினால் முன்பு போலவே உடனே மணி; சந்துக்குள் நுழையும்போது மட்டும் அடுத்தடுத்து இரண்டு தரம் அமுக்க வேண்டும். உள்ளே இருக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதேபோல இரட்டை அழுத்து. வெளியே வந்ததும் நீளமாக ஓர் அழுத்து. நடுவில் ஒன்று வராவிட்டாலும் மணி அடித்துவிடும். ஆள் மயங்கினாலும் அடிக்கும், பேட்டரி தீர்ந்தாலும் அடிக்கும், என் கணக்கு தப்பாகி சிக்னல் வராமல் போனாலும் அடிக்கும். வீணாக அடித்தால் யாராவது ஓடிவந்து திட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

7. குப்புறப் படுத்தவர்

இரண்டாவது சோதனைக்கு நாள் குறித்தது பூங்கொடி. "வியாழக்கெழம ரெண்டு மணிக்கு வைங்க. அப்பதான் ஹாலு முட்ட முட்டப் பச்சையா இருக்கும்."

சந்தில் யார் படுப்பது என்று பேச்சு வந்தது. நான் படுக்கிறேன் என்றேன். கேட்டிலிருந்து ஏழுமலை வந்து நின்றார்.

"நான் படுக்கிறேங்க. எப்பிடிக் கெடந்தேன்னு எனக்குத்தான தெரியும்."

"உனக்கு எப்பிடிண்ணே தெரியும்? நீதான் நெனவு தப்பிக் கெடந்தியே. பாத்தது நானு" என்றார் பூங்கொடி.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏழுமலையும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஆனால் சந்தின் வாய்க்கு வந்ததும் சிரிப்பு நின்றது. ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர், "வேணாம் ஏழுமல, வேற ஆளு படுக்கட்டும்" என்றார். ஏழுமலை உள்ளே நடந்தார்.

பூங்கொடி நான்கு சாக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். தரை சுடாமல் இருக்க அவற்றை விரித்தார். "இன்னும் கொஞ்சம் தள்ளிண்ணே. தல அந்தப் பக்கம். கையி அடியில. ஆங், இப்பிடித்தான்." வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் ஏழுமலை வயிற்றுக்கடியில் இருந்த பட்டனை அமுக்கினார். மணி அடித்தது. தயக்கமே இல்லாமல், முழுசாக.

அடுத்தது முக்கியமான சோதனை. அவர் ஒன்றும் செய்யாமல் கிடக்க வேண்டும். நாங்கள் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ப்ளோயர் சத்தம் மட்டும் கேட்டது. நான்காவது நிமிடத்தில் பூங்கொடி உள்ளே போக ஓர் அடி வைத்துவிட்டு, தன்னைத் தானே அடக்கிக்கொண்டு பின்வாங்கினார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மணி அடித்தது.

சோதனை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அரவை மில்லிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். பூங்கொடி அவர்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டார். ஏழுமலை எழுந்து சாக்குத் தூசியைத் தட்டிக்கொண்டார்.

"இவ்ளோ நேரந்தானா?" என்று கேட்டார். "அன்னிக்கி ரொம்ப நேரம்னு சொன்னாங்களே."

சோதனையை இன்னும் ஆறு தடவை செய்தோம். ஆறிலும் அடித்தது. புதிய ரிப்போர்ட்டில், முதல் ரிப்போர்ட் ஏன் தப்பு என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

8. அடுத்த வருஷம் வந்த போன்

அதற்குப் பிறகு துறைமுகக் கிடங்கு, பழைய ரயில் பணிமனை, மருந்துக் குளிர்கிடங்கு என்று நிறையக் கட்டடங்கள் வரைந்துவிட்டேன். எங்கே போனாலும் சுவரை அளப்பதற்கு முன்னால் அங்கே வேலை செய்கிறவர்களோடு ஒரு முழு நாள் உட்கார்ந்திருப்பேன். எது எப்போது வருகிறது, எப்போது போகிறது, எது ஈரம், எது இரும்பு என்று கேட்டு எழுதிக்கொள்வேன். என்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் சலித்துக்கொள்வார்கள். மாடலும் அளவும் பொருந்திவிட்டால் போதாதா என்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் இரண்டுமே சேர்ந்து ஏமாற்றும் என்று சொல்வேன். அதற்கு மேல் விளக்க வேண்டியிருந்தால் இந்தக் கதையைச் சொல்வேன்.

கதையின் கடைசிப் பகுதி அடுத்த வருஷம் சித்திரையில் போனில் வந்தது. மேனேஜர் தணிகாசலம் பேசினார்.

"கலைவாணிம்மா, மணி அடிச்சுது. நெஜமாவே. நாலு நிமிஷத்துல தூக்கிட்டோம்."

"யாரு சார்?"

"பூங்கொடிதான். சந்துல சூட்டுப் பதம் பாக்கப் போனப்ப வழுக்கி வுழுந்துட்டா. காலு முறிஞ்சிருக்குது. மத்தபடி பயமில்ல, கட்டுப் போட்டாச்சு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். உங்ககிட்ட பேசியே ஆகணும்னு ஒரே புடியா நிக்கிறா. இருங்க, குடுக்கிறேன்."

எப்படி இருக்கிறீர்கள், வலி எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"பேனா இருக்குதாம்மா? எழுதிக்க. மணி ரெண்டே கால். ராக்கு எண்பதும் ரொம்பியிருந்துது, அறுபது பச்ச, இருவது பாதி. குப்புறத்தான் வுழுந்தேன். கையி அடியில மாட்டிக்கிச்சு. ஒரே தரம்தான் அமுக்குனேன், அடிச்சிடிச்சி. எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.